ஃபென்டனில் வலி பேட்ச்: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியதால் என் அம்மாவுக்கு ஏற்பட்ட வலிக்குக் கடந்த 14 மாதங்களாக ஃபென்டனில் பேட்ச் பயன்படுத்தி வருகிறோம். ஒட்டுவது, கழற்றுவது, கணக்கு எழுதி வைப்பது எல்லாம் என் பொறுப்பு. இதற்குள் மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் தயாரிப்புகளைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டோம். ஆகவே இது ஒரு பெட்டியைப் பற்றிய மதிப்பீடு அன்று; ஓபியாய்டு (மார்ஃபின் வகையைச் சேர்ந்த வலி மருந்து) பேட்ச் என்ற, தோலில் ஒட்டும் மருந்து வடிவத்தை வீட்டில் வைத்துப் புழங்குவது எப்படி இருக்கிறது என்பதைப் பற்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் கடும் வலிக்கு, ஏற்கெனவே மார்ஃபின் போன்ற மருந்துக்குப் பழகிய உடலுக்கு, இது மிக நல்ல மருந்து. அம்மாவுக்கு இரவுத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது இதுதான். ஆனால் பார்ப்பதற்குச் சாதாரண பிளாஸ்திரி போல இருப்பதாலேயே, வீட்டில் உள்ள எல்லோரும் இதைப் பிளாஸ்திரியைப் போலவே நடத்தத் தொடங்கிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் நடந்த மூன்று தவறுகளுக்கும் அதுதான் காரணம்.

பேட்சுக்கு மாறுவதற்கு முன் அம்மா நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை 10 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். நாளொன்றுக்கு 60 மில்லிகிராம். விடியற்காலை இரண்டு மணிக்கும் அவரை எழுப்பி மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது. வாந்தி வந்த நாட்களில் எவ்வளவு மருந்து உள்ளே தங்கியது என்பதே தெரியாது. அந்த நிலையில்தான் மணிக்கு 25 மைக்ரோகிராம் ஃபென்டனிலை வெளியிடும், 72 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய பேட்சை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அந்த 25 என்ற எண்ணைப் பார்த்து, மிகக் குறைந்த அளவு என்று நான் நினைத்துக்கொண்டேன். உண்மையில், நாளுக்கு 60 மில்லிகிராம் மார்ஃபினை வாய்வழியாகக் கொடுப்பதற்கு ஏறத்தாழ ஈடான அளவு அது. ஃபென்டனில் 1960-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த பால் யான்சென் குழுவினர் உருவாக்கிய மருந்து. முதலில் அறுவை சிகிச்சை மயக்கத்துக்கான ஊசியாகவே பயன்பட்டது. எடைக்கு எடை பார்த்தால் மார்ஃபினைப் போல 50 முதல் 100 மடங்கு வீரியம் கொண்டது. மூலக்கூறு சிறியது, கொழுப்பில் எளிதில் கரைவது என்பதால் அது தோலைக் கடந்து செல்கிறது. பேட்ச் வடிவத்துக்கு அமெரிக்காவில் 1990-இல் ஒப்புதல் கிடைத்தது.

இந்தத் தயாரிப்பைப் பற்றி முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அதன் மந்தமான வேகத்தைத்தான். பேட்சிலிருந்து வெளிவரும் மருந்து நேராக இரத்தத்துக்குப் போவதில்லை. முதலில் தோலின் மேலடுக்குகளில் ஒரு சேமிப்பாகத் தங்கி, அங்கிருந்து மெல்ல மெல்ல இரத்தத்தில் கலக்கிறது. அதனால் முதல் பேட்ச் ஒட்டியபின் வலி குறையத் தொடங்குவதற்கே 12 முதல் 24 மணி நேரம் ஆகிறது. அதே காரணத்தால், பேட்சைக் கழற்றிவிட்டாலும் மருந்து உடனே நின்றுவிடாது. இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைவதற்கு 17 மணி நேரமோ அதற்கும் மேலோ பிடிக்கிறது. மாத்திரைக்குப் பழகிய நமக்கு இந்த இரண்டும் எளிதில் மனத்தில் பதிவதில்லை.

முதல் நாள் மாலை ஆறு மணிக்கு ஒட்டினோம். இரவு பதினொரு மணிக்கு அம்மா வலியில் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "இது வேலை செய்யவில்லை, இன்னொன்று ஒட்டிவிடேன்" என்று கேட்டார். இரண்டாவது உறையை நான் கையில் எடுத்தும்விட்டேன். அதைக் கிழிப்பதற்கு முன் வலித் தணிப்புப் பிரிவின் செவிலியரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கத் தோன்றியது என் நல்ல காலம். அவர் பதற்றமில்லாமல், ஆனால் மிக அழுத்தமாக, இரண்டாவது பேட்ச் கூடவே கூடாது என்றும், இடையில் வரும் வலிக்கென்று எழுதிக் கொடுத்திருக்கும் மார்ஃபின் மாத்திரையைக் கொடுத்துவிட்டு நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும் என்றும் சொன்னார். அன்றிரவு இரண்டு பேட்ச் ஒட்டியிருந்தால் பதினொரு மணிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மறுநாள் பகலில், இரண்டின் மருந்தும் சேர்ந்து உச்சத்தை நோக்கி ஏறும் நேரத்தில், அம்மா தூங்குகிறார் என்று நாங்கள் நிம்மதியாக இருந்திருப்போம். மறுநாள் பிற்பகல் அவர் உண்மையாகவே தூங்கினார். மூன்று வாரங்களில் அவ்வளவு நேரம் தொடர்ந்து தூங்கியது அதுவே முதல் முறை. அருகில் உட்கார்ந்து அவர் மூச்சை எண்ணினேன்; நிமிடத்துக்கு 14. முதல் மூன்று நாட்களில் இப்படிக் கூடவே இருந்து கவனிப்பது இந்த மருந்தின் ஒரு பகுதி என்றே கொள்ள வேண்டும். அளவைக் கூட்டுவதா வேண்டாமா என்பதையும் அந்த 72 மணி நேரம் முடிந்த பிறகுதான் மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள்.

ஒட்டும் தன்மையைப் பொறுத்தவரை, நாங்கள் பயன்படுத்திய மூன்றில் இரண்டு நன்றாக ஒட்டின. ஒன்று இரண்டாம் நாளிலேயே ஓரங்களில் தூக்கிக்கொண்டது. ஆனாலும் பாதிப் பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன், ஏனெனில் தொடக்கத்தில் ஒட்டும் இடத்தைச் சோப்புப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெறும் தண்ணீரால்தான் துடைக்க வேண்டும். சோப்பு, ஸ்பிரிட், எண்ணெய், லோஷன் எதுவும் அந்த இடத்தில் படக் கூடாது. அவை ஒட்டுவதைக் கெடுப்பதோடு, தோல் மருந்தை உறிஞ்சும் அளவையும் மாற்றக்கூடும். முடி இருந்தால் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்ட வேண்டுமே தவிர மழிக்கக் கூடாது; சவரம் செய்த தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். தோல் முழுவதும் உலர்ந்த பிறகு, மேல் மார்பிலோ மேல் முதுகிலோ மேற்கையிலோ சமமான ஓரிடத்தில் ஒட்டி, உள்ளங்கையால் 30 வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த 30 வினாடியை நான் கடிகாரம் பார்த்தே எண்ணுகிறேன். அழுத்தும்போது உள்ளங்கையின் சூட்டில் பசை இளகி, பேட்சின் ஓரம் தோலோடு படிந்து அமர்வது விரல்நுனிக்குத் தெரியும். அப்படி அமர்ந்த பேட்ச் மூன்றாம் நாள் வரை அசையாது. ஓரம் தூக்கினால் விளிம்புகளில் மட்டும் மருத்துவ டேப் ஒட்டலாம். ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்ற வேண்டும்; அதே இடத்துக்குச் சில நாட்கள் இடைவெளி விட்டே திரும்பலாம். பழையதைக் கழற்றிய பிறகுதான் புதியதை ஒட்ட வேண்டும் என்பது சொல்லத் தேவையில்லாதது போலத் தோன்றும். ஆனால் பழையது முதுகிலேயே இருக்க, புதியதை மார்பில் ஒட்டிவிட்டு, மறுநாள் குளிக்கும்போது கண்டுபிடித்த வீடுகள் உண்டு என்று செவிலியரே சொன்னார். குழப்பநிலையில் இருந்து பேட்சைப் பிய்த்துவிடும் நோயாளிகளுக்கு, கை எட்டாத மேல் முதுகு பொருத்தமான இடம்.

பேட்சை வெட்டக் கூடாது. அளவைக் குறைக்க வேண்டுமானால் குறைந்த அளவுள்ள பேட்ச் தனியாகக் கிடைக்கிறது. மணிக்கு 12, 25, 50, 75, 100 மைக்ரோகிராம் என்று அவை வருகின்றன. உள்ளே திரவமாக மருந்து வைக்கப்பட்ட பழைய வகையில் வெட்டினால் மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் தோலில் கொட்டிவிடும். மருந்து பசையோடு கலந்திருக்கும் புதிய வகையிலும் வெட்டிய துண்டு எவ்வளவு தரும் என்பதற்கு உறுதி இல்லை. கிழிந்த, ஓரம் சிதைந்த பேட்சுக்கும் இதே விதிதான். ஒட்டாமல் அப்புறப்படுத்திவிட வேண்டும். பேட்சின் பசைப் பகுதி கையில் பட்டுவிட்டால் சோப்பு இல்லாமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

எங்கள் இரண்டாவது தவறு வெப்பம் தொடர்பானது. நான்காவது மாதத்தில் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்றால் காய்ச்சல் வந்தது. குளிர்கிறது என்றார், கனமான போர்வை போர்த்தி, முதுகு வலிக்கு இதமாக இருக்கட்டும் என்று தங்கை வெந்நீர்ப் பையையும் வைத்தாள். பேட்ச் அப்போது வலது தோள்பட்டைக்குக் கீழே இருந்தது, பைக்கு நான்கு விரல் தூரத்தில். தோல் சூடாகும்போது அதன் இரத்த ஓட்டம் கூடுகிறது, பேட்சிலிருந்து மருந்து வேகமாக வெளியேறுகிறது, சேமிப்பாகத் தங்கியிருப்பதும் சேர்ந்து இரத்தத்தில் இறங்குகிறது. உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸுக்கு ஏறினாலே இரத்தத்தில் ஃபென்டனிலின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடக்கூடும் என்று மருந்துக் குறிப்பு கணித்துச் சொல்கிறது. அன்று மாலை அம்மா பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவிலேயே கண்ணயர்ந்தார். கூப்பிட்டால் விழித்து "ம்" என்பார், மறுபடி உடனே ஆழ்ந்துவிடுவார். குறட்டை வழக்கமானதாக இல்லை. ஈரமாக, விட்டு விட்டு வந்தது. மூச்சை எண்ணினேன்: 9. பையை எடுத்து எறிந்து, பேட்சைக் கழற்றி, ஆம்புலன்ஸை அழைத்தோம். மருத்துவமனையில் ஓர் இரவும் மறுநாள் பகலும் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். கழற்றியும் ஏன் மயக்கம் தெளியவில்லை என்று நான் மீண்டும் மீண்டும் கேட்டேன். தோலில் சேர்ந்திருப்பது தீரும் வரை அப்படித்தான் இருக்கும் என்று விளக்கினார்கள்.

அன்று முதல் எங்கள் வீட்டில் பேட்ச் இருக்கும் உடலுக்கு வெந்நீர்ப் பை, ஹீட்டிங் பேட், மின்போர்வை, நீண்ட நேர வெந்நீர்க் குளியல், நேரடி வெயிலில் கிடப்பது ஆகிய எதுவும் இல்லை. காய்ச்சல் வந்தால் மருந்து கொடுப்பதோடு நிறுத்தாமல் மருத்துவருக்கும் தெரிவிக்கிறோம். வலி இருக்கும் இடத்தில் சூடு வைப்பது எந்த வீட்டிலும் இயல்பாக எழும் அன்பான செயல் என்பதாலேயே, இந்த எச்சரிக்கை உறையின் மேலேயே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் மூன்று தயாரிப்புகளிலும் அது உள்ளே மடித்து வைத்த தாளின் இரண்டாம் பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டு வாசிக்க வேண்டிய எழுத்தில் இருந்தது. இது எனக்குள்ள பெரிய குறை.

அதே மருத்துவமனையில்தான், வேறு எந்த மருந்து எழுதும் மருத்துவரிடமும் பேட்ச் இருப்பதைச் சொல்ல வேண்டும் என்பதன் காரணமும் தெளிவானது. ஃபென்டனிலைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியைச் சில மருந்துகள் தடுக்கின்றன. கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள், ரிட்டோனாவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து ஆகியவை அவற்றில் சில. இவற்றை எடுத்துக்கொண்டால் பேட்சின் அளவை யாரும் மாற்றாமலேயே உடலில் மருந்து கூடிவிடும். தூக்க மாத்திரைகளும், பதற்றத்துக்குக் கொடுக்கும் டையஸெபாம் வகை மருந்துகளும், நரம்பு வலிக்குக் கொடுக்கும் கபாபென்டின், ப்ரிகாபாலின் மாத்திரைகளும், மதுவும் வேறு வழியில் அதே ஆபத்தைக் கொண்டுவருகின்றன. எல்லாம் சேர்ந்து மூச்சை அடக்குகின்றன. இவற்றைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்பதில்லை. அம்மாவும் சிறிதளவு ப்ரிகாபாலின் எடுக்கிறார். எல்லாவற்றையும் அறிந்த ஒரே மருத்துவர் அளவைத் தீர்மானிக்க வேண்டும் என்பதே தேவை. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதும் கேட்டுக்கொள்ள வேண்டும்; சில பேட்ச்களின் பின்புறப் படலத்தில் உலோகம் இருக்கிறது, அது சூடேறித் தோலைச் சுட்டுவிடலாம்.

மூன்றாவது நிகழ்ச்சியை எழுத இன்னமும் கை தயங்குகிறது. ஏழாவது மாதம் ஒரு நாள், பேட்ச் மாற்றுவதற்கு அம்மாவின் சட்டையை விலக்கினேன். பேட்ச் அங்கே இல்லை. நன்றாக ஒட்டாத அந்தத் தயாரிப்புதான். அதன் பின்புறம் நிறமற்றது, தோலின் நிறத்தோடு சேர்ந்துவிடும். பெயரும் அளவும் வெளிர் எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. படுக்கை விரிப்பை உதறினோம், தரையைத் தடவினோம். அன்று காலை தங்கையின் இரண்டு வயது மகன் பாட்டியின் அருகில் படுத்து உறங்கியிருந்தான். அவன் சட்டையைக் கழற்றி உடல் முழுவதும் விரலால் தடவிப் பார்த்தோம். முதுகு, தொடை, உள்ளங்கால், வாய்க்குள்ளும். அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கடைசியில் அது தலையணை உறையின் உள்மடிப்பில், பசைப் பக்கம் துணியோடு ஒட்டிக் கிடந்தது. அவன் கன்னம் இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி.

இது எங்கள் வீட்டின் மிகையான பயம் அன்று. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012-இல் வெளியிட்ட எச்சரிக்கையில், அதற்கு முந்தைய 15 ஆண்டுகளில் குழந்தைகள் தற்செயலாக ஃபென்டனில் பேட்சுக்கு ஆட்பட்ட 26 நிகழ்வுகளை ஆராய்ந்ததாகச் சொன்னது. அவற்றில் 10 குழந்தைகள் இறந்திருந்தார்கள். 12 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். 26 பேரில் 16 பேர் இரண்டு வயதோ அதற்கும் குறைவோ ஆனவர்கள். மறு ஆண்டு அந்த நிர்வாகம், பேட்சின் மேல் பெயரையும் அளவையும் எளிதில் தெரியும் நிறத்தில், அழியாத மையில் அச்சிட வேண்டும் என்று உற்பத்தியாளர்களுக்கு உத்தரவிட்டது. கீழே விழுந்த பேட்ச் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத்தான் அது. நிறமற்ற பேட்சை நாங்கள் அன்றோடு நிறுத்தினோம். இப்போது மருந்துச் சீட்டில் தயாரிப்பின் பெயரையும் சேர்த்து எழுதித் தரும்படி கேட்டு, ஒரே தயாரிப்பைத் தொடர்கிறோம். அளவுக் குழப்பத்தைத் தவிர்க்கவும் அது உதவுகிறது.

பயன்படுத்தி முடித்த பேட்சில் எவ்வளவு மருந்து மிச்சமிருக்கிறது என்பதை உறையில் உள்ள எண்களை வைத்தே கணக்கிட்டுக்கொள்ளலாம். எங்கள் 25 மைக்ரோகிராம் பேட்சில் மொத்தம் 4.2 மில்லிகிராம் ஃபென்டனில் இருப்பதாக எழுதியிருக்கிறது. மணிக்கு 25 வீதம் 72 மணி நேரத்தில் வெளியேறுவது 1.8 மில்லிகிராம். மீதி 2.4 மில்லிகிராம், அதாவது பாதிக்கும் மேல், கழற்றி எறியும் "பழைய" பேட்சில் இருக்கிறது. இந்தக் கணக்கைப் போட்ட நாளன்று, அதுவரை நான் திறந்த குப்பைத் தொட்டியில் போட்ட பேட்ச்களை எண்ணிப் பார்த்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கழற்றியவுடன் பசைப் பக்கம் உள்ளே வருமாறு இரண்டாக மடித்து அழுத்திவிட வேண்டும்; அது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு என்ன செய்வது என்பதில் நாட்டுக்கு நாடு அறிவுரை மாறுகிறது. அமெரிக்காவில், திருப்பிக் கொடுக்க வழி இல்லாவிட்டால் உடனே கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடச் சொல்கிறார்கள்; வேறு சில இடங்களில் மருந்துக் கடையிலோ மருத்துவமனையிலோ திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்கள். உங்களுக்கு மருந்து தருபவரிடம் முதல் நாளே இதைக் கேட்டுவிடுவது நல்லது. நாங்கள் மடித்த பேட்சை அதன் பழைய உறைக்குள் போட்டு, பூட்டுள்ள பெட்டியில் வைத்து, அடுத்த மருந்து வாங்கும்போது எண்ணித் திருப்பிக் கொடுக்கிறோம். புதியவையும் அதே அலமாரியில், தனிப் பூட்டுப் பெட்டியில் இருக்கின்றன. குழந்தைகளுக்கு முன்னால் ஒட்டுவதில்லை. பெரியவர்கள் உடலில் ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பார்க்கும் குழந்தை தானும் ஒட்டிக்கொள்ளத்தான் விரும்பும்.

பக்க விளைவுகளில் மலச்சிக்கல் எல்லா ஓபியாய்டுகளுக்கும் உரியது. மற்றவை நாளடைவில் பழகினாலும் இது பழகுவதில்லை. மார்ஃபின் மாத்திரையோடு ஒப்பிட்டால் பேட்சில் எங்களுக்கு இது குறைந்தது, ஆனால் மலமிளக்கியை நிறுத்த முடியவில்லை. முதல் வாரத்துக் குமட்டல் தானே நின்றது. ஒட்டிய இடத்தில் சிவப்பும் அரிப்பும் வரும், ஒரு நாளில் மறையும். அளவு மாற்றிய நாட்களில் அம்மாவைத் தனியே நடக்க விடுவதில்லை. வண்டி ஓட்டுபவர்கள் அந்த நாட்களில் ஓட்டக் கூடாது.

மூச்சு தொடர்பான அறிகுறிகளை மட்டும் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: கூப்பிட்டாலும் அசைத்தாலும் எழாத தூக்கம், மெதுவான அல்லது ஆழமற்ற மூச்சு, களகளவென்ற குறட்டை, குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கிய கண்மணி, நீலம் பாய்ந்த உதடு. இவற்றில் எது தெரிந்தாலும் பேட்சைக் கழற்றி, அவசர உதவியை அழைத்து, வரும் வரை அருகிலேயே இருக்க வேண்டும். நலாக்ஸோன் என்ற முறிமருந்து ஓபியாய்டின் விளைவை உடனே முறிக்கும். மூக்கில் தெளிக்கும் வடிவில் கிடைக்கும் இடங்களில் வீட்டில் வைத்துக்கொள்வது பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். ஆனால் அதன் செயல் 30 முதல் 90 நிமிடம் வரையே நீடிக்கும். தோலிலிருந்து ஃபென்டனில் இறங்குவது அதற்கு மேலும் பல மணி நேரம் தொடரும். எனவே நோயாளி கண் விழித்துவிட்டார் என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

யாருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஓபியாய்டு இதற்கு முன் எடுக்காத ஒருவருக்கு இது முதல் மருந்தாக இருக்க முடியாது. அமெரிக்க மருந்துக் குறிப்பின்படி, குறைந்தது ஒரு வாரமாக நாளுக்கு 60 மில்லிகிராம் வாய்வழி மார்ஃபினோ அதற்கு ஈடான மருந்தோ எடுத்துப் பழகியவருக்கே ஃபென்டனில் பேட்ச் உரியது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2020-இல், புற்றுநோய் அல்லாத வலிக்கு, ஓபியாய்டு பழக்கமில்லாதவர்களுக்கு இதைத் தரக் கூடாது என்று அறிவித்தது. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலி, பல்வலி, இன்று ஏறி நாளை இறங்கும் வலி எதற்கும் இது ஏற்றதன்று. மூன்று நாள் கழித்து மாற்றக்கூடிய ஒரு மருந்தால் மணிக்கு மணி மாறும் வலியைப் பின்தொடர முடியாது. காரணம் தெளிவாகப் புலப்படாத நாட்பட்ட வலிக்கு ஓபியாய்டுகளைத் தொடங்க வேண்டாம் என்றே பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-இல் வழிகாட்டியது. நீண்ட காலப் பயன்பாட்டில் பயன் தேய்ந்து, அடிமைத்தனமும் வலி உணர்வே கூர்மையாவதும் மிஞ்சக்கூடும் என்பதே கவலை. எங்கள் உறவினர் ஒருவர், அம்மாவுக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்று பார்த்து, தன் மூட்டு வலிக்கு ஒரே ஒரு பேட்ச் கேட்டார். நான் மறுத்ததில் அவருக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. அவர் உடலுக்கு அந்த ஒன்றே உயிரைப் பறிக்கப் போதுமானது.

பூப்ரினார்ஃபின் என்ற மற்றொரு ஓபியாய்டின் பேட்ச் இதன் அடுத்த வீட்டுக்காரர் போன்றது. ஏழு நாளுக்கு ஒரு முறை மாற்றும் வகையில் மணிக்கு 5, 10, 20 மைக்ரோகிராம் என்று குறைந்த அளவுகளிலும் கிடைக்கிறது. 5 மைக்ரோகிராம் பேட்ச் நாளுக்கு 12 மில்லிகிராம் மார்ஃபினுக்கு ஏறத்தாழ ஈடு. குறைந்த அளவு தேவைப்படுபவர்களுக்கும், அடிக்கடி மாற்ற ஆளில்லாத முதியவர்களுக்கும் அது வசதியானது. அதிலும் சூடு, குழந்தைகள், மடித்து அப்புறப்படுத்துவது பற்றிய எச்சரிக்கைகள் அப்படியே பொருந்தும். ஒரே இடத்தில் மறுபடி ஒட்டுவதற்கு மட்டும் மூன்று நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். ஏழு நாள் என்பது மறப்பதற்கும் அதிக நாள். வாரத்தின் குறிப்பிட்ட ஒரு கிழமையோடு அதைக் கட்டிவைக்க வேண்டும்.

எங்கள் கணக்கு ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. தேதி, நேரம், உடலில் எந்த இடம், பழையது கழற்றி மடித்தாயிற்றா, இடையில் எத்தனை மார்ஃபின் மாத்திரை, மலம் கழித்த நாள். ஒவ்வொரு நாள் காலையும் மாலையும் பேட்ச் இருக்கும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்து ஒரு கோடு போடுகிறோம். தலையணை உறைக்குப் பிறகு சேர்த்த வழக்கம் அது. அளவை 25-இலிருந்து 50-க்குக் கூட்ட வேண்டுமா என்று ஒன்பதாவது மாதம் மருத்துவர் யோசித்தபோது, இந்த நோட்டில் இருந்த இடைமாத்திரைகளின் எண்ணிக்கையைப் பார்த்தே கூட்டினார்.

பதினொன்றாவது மாதம் கதிரியக்கச் சிகிச்சை கொடுத்த பிறகு அம்மாவின் எலும்பு வலி வெகுவாகத் தணிந்தது. வலி குறைந்துவிட்டது என்று பேட்சை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. உடல் பழகிவிட்ட மருந்து திடீரென்று நின்றால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, திரும்ப எழும் வலி என்று கடுமையாக எதிர்வினை காட்டும். படிப்படியாக இறக்குகிறார்கள்: 50-இலிருந்து 25-க்கு வந்து பத்து வாரம் ஆகிறது. சென்ற வாரம் 12-க்கு மாறினோம். இரண்டாம் இரவு அம்மாவுக்குக் கால்கள் நிலைகொள்ளவில்லை, கொட்டாவியும் மூக்கொழுகலுமாக இருந்தது; அதையும் எழுதி வைத்தோம், மறுநாள் மருத்துவரிடம் சொன்னோம், இதே அளவில் இன்னும் இரண்டு வாரம் நிற்கலாம் என்றார். புதிய பேட்ச் இடது மேற்கையில் இருக்கிறது. 12 என்ற எண்ணும் மருந்தின் பெயரும் அதன் மேல் தெளிவாகத் தெரிகின்றன. நாளை மறுநாள் காலை எட்டு மணிக்கு மாற்ற வேண்டும்.